கடலுக்குப் போகும் காவிரித் தண்ணீர் வீணா?

"கடலில் கலக்கும் காவிரித் தண்ணீர் மொத்தமும் வீண். அலையாத்திக் காடு உப்புநீரில் வளர்வது, பறவைகளுக்கும் ஆற்றுநீர் தேவையில்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி டெல்டா முழுக்கச் சுற்றுகிறது. இது தவறு.

அலையாத்தி உப்பைத் தாங்கும், சரி. ஆனால் அது செழிப்பது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில்தான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் காவிரியின் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் குறைந்தால் மண்ணில் உப்பு ஏறும், கன்றுகள் கருகும், உப்பை அவ்வளவாகத் தாங்காத மரங்கள் மறையும். இன்று அங்கே பெரும்பாலும் கண்ணில் படுவது, உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை ஒன்றுதான். இறால் குஞ்சுகள் வளர்வதும் அந்தக் கழிமுகத்தில்தான்.

பூநாரை உப்புநீரில் மேய்வதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அதற்கும் கால் நனையும் ஆழத்தில் நீர் நிற்க வேண்டும். வற்றினால் வேறிடம் போய்விடும். உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளுக்கு ஈரச்சேறும் அதிலுள்ள புழுக்களும் வேண்டும்.

இந்தப் பறவைகள் வரும் கோடியக்கரை 2002இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, முத்துப்பேட்டையும் அதில் அடக்கம். ராம்சார் இணையதளத்தில் அதன் விவரக்குறிப்பை யாரும் படித்துச் சரிபார்க்கலாம்.

கடைமடை வயல் காய்வது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதற்காகத் தவறான செய்தியைப் பரப்பக் கூடாது; இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.