மிடி ஒயரில் ஒலி போவதில்லை

கீபோர்டு போன்ற மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் முறைதான் மிடி (MIDI). "மிடியைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் மூக், அந்த ஒயர் வழியாகத்தான் ஒலி போகிறது" என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. 1964-இல் மூக் செய்த சிந்தசைசரில், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவியில், மின்னழுத்தம்தான் சுருதியை ஆட்டிவைத்தது. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மிடிக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவில் சிந்தசைசர் செய்த டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியின் இகுதாரோ ககேஹாஷியும். 1983 ஜனவரியில் இரண்டு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை அதில் இணைத்துக் காட்டினார்கள்.

அப்புறம் அந்த ஒயர். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பது போன்ற தகவல்தான் அதில் எண்ணாகப் போகும். பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் கொடைக் கச்சேரியில் ஒரு கீபோர்டை வாசிக்க இன்னொன்றில் நாதஸ்வரம் கேட்கிறதல்லவா? அந்த நாதஸ்வரம் இரண்டாவது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மேடையில் ஒயர் சுருட்டிய கை சொல்கிறது, மிக்சருக்குத் தனி ஆடியோ ஒயர் போட்டே ஆக வேண்டும்.