சிறிய அளவு பைண்டர் வேண்டாம்
பைண்டர் என்பது திருநம்பிகள் மார்பைத் தட்டையாகக் காட்ட அணியும் இறுக்கமான உள்ளாடை. “முதல் பைண்டரை ஓர் அளவு சிறியதாக வாங்கினால்தான் மார்பு தட்டையாகும்” என்று சிலர் சொல்வது தவறு. திருநம்பித் தம்பிகள் இதை நம்பிவிடாதீர்கள். கண்ணாடியில் தட்டையாகத் தெரிய வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் பழக்கமானதுதான். ஆனால் சிறிய அளவில் சதை ஓரங்களில் பிதுங்கும், விலா வலிக்கும், மூச்சு முட்டும்.

மார்பின் பருத்த பகுதியையும் அதற்குக் கீழேயும் நாடாவால் அளந்து, தயாரிப்பாளரின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் பெரியதையே எடுங்கள். அணிந்தபின் ஆழமாக மூச்சிழுத்து, இருமிப் பாருங்கள்; தடை தெரிந்தால் அது உங்கள் அளவு அல்ல. முதலில் ஓரிரு மணி நேரம் போதும். பழகிய பிறகும் 8 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். பைண்டருக்குப் பதிலாக கிரேப் பேண்டேஜ் (சுளுக்குக்குக் கட்டும் இழுபடும் துணி) சுற்றுவது இன்னும் ஆபத்தானது. அசைய அசைய அது இறுகிக்கொண்டே போகும்.