பாக்டீரியா பொடி தூவினால் ஈயமும் பாதரசமும் மறைந்துவிடுமா?

“இந்த பாக்டீரியா பொடியைத் தூவினால் போதும், மண்ணில் உள்ள எண்ணெய், ஈயம், பாதரசம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தின்று தீர்த்துவிடும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எண்ணெய் விஷயத்தில் மட்டும் இதில் கொஞ்சம் உண்மை உண்டு.

டீசல், கச்சா எண்ணெய் போன்றவை கார்பன் சேர்மங்கள். நுண்ணுயிரிகள் அவற்றை உணவாக்கிச் சிதைத்துவிடும். அதற்குக்கூடப் பெரும்பாலும் பொடி தேவையில்லை. அந்த உயிரிகள் மண்ணிலேயே இருக்கும். காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் இவைதான் போதாமல் போகும். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கரையில் படிந்தபோது, அங்கே உரம் இட்டுத்தான் நுண்ணுயிரிகளை ஊக்கப்படுத்தினார்கள். அப்படியும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை; மாதங்கள், சில இடங்களில் வருடங்கள் ஆகும்.

ஈயமும் பாதரசமும் அப்படியல்ல. அவை தனிமங்கள், எந்த உயிரியாலும் அவற்றைச் சிதைத்து இல்லாமலாக்க முடியாது. நுண்ணுயிரிகள் உலோகங்களின் வேதி வடிவத்தை வேண்டுமானால் மாற்றலாம், அவ்வளவுதான். அதுவும் எப்போதும் நல்லதாக முடியாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது மீன்களில் சேர்ந்து, சாப்பிடுபவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

தயவுசெய்து, பொடியைத் தூவிவிட்டோம் என்று நம்பி ஈயம் கலந்த மண்ணில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.