தொடையில் இட்ட துளையை மூடுவதும் சிகிச்சையின் பகுதிதான்

மார்பைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாக இதய வால்வு மாற்றுவதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை வால்வைப் பொருத்துவதோடு நின்றுவிடுகிறது. தமனியில் இட்ட துளையை மூடுவதற்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. வால்வு செல்லும் குழாய் போன்ற உறையின் அளவு பல சமயம் 14 பிரெஞ்ச் (மருத்துவக் குழாய்களின் தடிமனை அளக்கும் அலகு), அதாவது ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் என்பதால், சாதாரண ஆஞ்சியோவுக்குப் பிறகு செய்வதுபோல் கையால் அழுத்தி மட்டும் இதை அடைப்பது கடினம். அதனால்தான் பெரிய உறையை நுழைக்கும் முன்பே, பெரும்பாலும் இரண்டு புரோகிளைடு கருவிகளால் தமனிச் சுவரில் தையல் நூல்களைப் போட்டு வைத்து, இறுதியில் முடிச்சை இறுக்குகிறார்கள். கொலாஜன் அடைப்பான் கொண்ட மாண்டா என்ற மற்றொரு கருவி ரத்தத்தை விரைவாக நிறுத்தினாலும், இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஜெர்மனியில் 516 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான சாய்ஸ்-குளோஷர் ஆய்வில், துளையிட்ட இடத்து ரத்தக்குழாய்ச் சிக்கல்கள், சிறியவையும் சேர்த்து, மாண்டாவில் 19.4 சதவீதமாகவும் புரோகிளைடில் 12 சதவீதமாகவும் இருந்தன.

என் தந்தைக்கு இச்சிகிச்சை நடந்த அன்று, காலுக்கு ரத்தம் தடையின்றிச் செல்கிறதா என்று அறிய, செவிலியர் அவருடைய பாதத்தில் நாடி கிடைத்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அரை மணிக்கொரு முறை அதே புள்ளியில் விரல் வைத்துப் பார்த்தார். நோயாளி முதுகு வலிக்கிறது என்று சொன்னால், வெகுநேரம் படுத்திருந்ததால் வந்தது என்று உறவினர்கள் விட்டுவிடக் கூடாது. துளை சற்று மேலே விழுந்திருந்தால், ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்பகுதியில் தேங்கக்கூடும்.