ஆலை வெளிநாடு போனால் அமெரிக்க அரசு உதவி: அந்த ஃபார்வர்டு பழசு

“அமெரிக்காவில் உங்கள் ஆலை வெளிநாட்டுக்குப் போய்விட்டதா? மூன்று பேர் கையெழுத்து போட்டால் அரசே பயிற்சியும் பணமும் தரும்” என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முழுப் பொய் இல்லை, காலாவதியான உண்மை. 1974 வணிகச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கு உதவும் ‘டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்’ திட்டத்தில் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனு கொடுக்க முடிந்தது. அந்த ‘மூன்று பேர்’ விவரம்தான் பலரையும் நம்ப வைக்கிறது. ஆனால் திட்டத்தின் காலம் முடிந்து, 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களை ஏற்பது நின்றுபோனது. அதற்குமுன் தகுதிச் சான்றும் பெற்று, வேலையும் இழந்தவர்களுக்கே சலுகை தொடர்ந்தது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். வேலை போனவர்கள் மாநில வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். பயிற்சிக்கு ‘அமெரிக்கன் ஜாப் சென்டர்’ என்ற வேலைவாய்ப்பு உதவி மையம் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.