கேள்வி கேட்டா ஊசிக்கு எதிரியா?

போன கிழமை ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல நடந்த கூத்து திருகோணமலையில பாதிப் பேருக்குத் தெரியும், தெரியாதவைக்காகச் சொல்லுறன். ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்குப் போடுற, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கிற எச்பிவி வைரசுக்கு எதிரான ஊசி பற்றி ஒரு தாய் ரெண்டு கேள்வி கேட்டா. ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தா ஆருக்குக் கோல் எடுக்கிறது? ஒரு டோஸும் காணும் எண்டு 2022ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கே, என்ர பிள்ளைக்கு ஒண்டா ரெண்டா? வந்த பதில், "விருப்பமில்லாட்டி சம்மதப் படிவத்தில சைன் வைக்காதீங்க, குரூப்பைக் குழப்பாதீங்க." அதுக்கு லைக் வேற.

நான் ஊசிக்கு எதிரில்ல. என்ர மகளுக்கும் போட்டாச்சு. எங்கட பெரியம்மா கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயிலதான் போனவ, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ராப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போனது நான், பஸ் குலுங்கேக்க முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பா, நோகுதெண்டு வாய் திறக்கமாட்டா, பக்கத்தில இருக்கிறவ என்ன வருத்தம் எண்டு கேட்டா "வயித்துக்குள்ள" எண்டு மட்டும் சொல்லுவா. அந்த நோயில நூற்றுக்கு 70 வரைக்கும் எச்பிவி 16, 18 எண்ட ரெண்டு வகையாலதான். அதைத் தடுக்கிற ஊசி 2017ல இருந்து இஞ்ச இலங்கையில ஸ்கூல்லயே இலவசமாப் போடுறாங்கள். நல்ல விசயம், ஆர் இல்லையெண்டது?

ஆனா சம்மதம் எண்டு கேட்டா கேள்விக்கும் பதில் சொல்லோணும். பார்சல்காரனுக்கு வைக்கிற மாதிரி கையெழுத்து வைச்சுக் குடுக்கிறதுக்குப் பேர் சம்மதமில்ல.

"இப்பிடிக் கேட்டா மற்றத் தாய்மாரும் பயப்பிடுவினம்" எண்டீனம். பதில் சொல்லாட்டித்தான் பயம் கூடும் ஐயா. 2009ல ஆந்திராவில கம்மம் மாவட்டத்தில இதே ஊசியை ஆய்வுத் திட்டமாப் போடேக்க கனக்க ஹொஸ்டல் பிள்ளையளுக்கு வார்டன்மார்தான் சைன் வைச்சவை, தாய் தகப்பனைக் கேக்கேல்ல. பிறகு சில பிள்ளையள் செத்தது ஊசியால இல்லையெண்டு விசாரணையில சொன்னாலும் சனம் நம்பேல்ல, 2010ல திட்டமே நிண்டுது, 2013ல இந்தியப் பாராளுமன்றக் குழுவும் அதைக் கடுமையாக் கண்டிச்சுது.

கேள்விக்குப் பதில் சொல்ல மிட்வைஃப் மிஸ்மாருக்கு நேரமில்லையாம். அது உண்மைதான், பாவம் அவை.

"படிச்ச பொம்பிளையளே இப்பிடியெண்டா" எண்டு குரூப்ல எழுதின அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். 35 வயசிலயும் 45 வயசிலயும் சுகவனிதையர் கிளினிக்கில, இந்தப் புற்றுநோயை முதலே கண்டுபிடிக்கிற பாப் டெஸ்ட் காசில்லாமச் செய்யலாம், உங்கட வீட்டுக்காரி போனவவா? ஒரு நாளாவது கேட்டனீங்களா? எங்கட பெரியம்மாவை ஒருத்தரும் கேக்கேல்ல. பொம்பிளை வாய் திறந்தா குழப்பம், திறக்காட்டி "ஏன் முதலே சொல்லேல்ல". நல்லா இருக்கு உங்கட நியாயம்.

அந்தத் தாய் குரூப்பை விட்டே போயிட்டா. அவ கேட்ட ரெண்டுக்கும் இன்னும் ஒருத்தரும் பதில் போடேல்ல. தெரிஞ்ச டொக்டர்மார் ஆரும் இருந்தா கீழ எழுதுங்கோ, ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவவுக்கு அனுப்புறன்.