முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு வந்தேன்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நோட்டீஸ்தான். ஆண்மைக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா, ஒரே மாதத்தில் தீர்வு. கரண்ட் கம்பத்தில், கக்கூஸ் சுவரில், பூட்டிக் கிடக்கிற கடைக் கதவில். பக்கத்திலேயே "முதலில் சீனி வருத்தம் இருக்கா என்று இரத்தத்தைப் பார்" என்று ஒரு கடதாசி ஒட்ட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 42 வயது. போன வருசம் அந்தக் கோளாறு தொடங்கியது. விடியற்காலையில் தானாக வருகிற விறைப்புகூட நின்றுபோனது. வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் வரிசை. டொக்டர் நல்ல மனுசன்தான், சின்ன வயது. "மொகத அமாருவ?" என்றார். எனக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. நான் முழிப்பதைப் பார்த்து தமிழ் பேச ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வந்தது யார்? எங்கள் தோட்டத்தில் மேல் லயத்து (மேல் வரிசை வீட்டு) அண்ணன் மகள்!

"சித்தப்பா, என்ன வருத்தம்னு டொக்டர் கேக்குறாங்க."

நான் என்ன சொல்ல? "முழங்கால் வலிம்மா" என்றேன். பெனடோல் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் அந்த நோட்டீஸ்காரன்தானே கதி. 6,500 ரூபாய், ஒரு போத்தல் லேகியம். என் மனைவி ஐந்து நாள் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கிக் கொழுந்தெடுத்த காசு. அவன் சொன்ன விளக்கம் இன்னும் கேவலம். இளவயதில் விந்தை வீணாக்கினாயாம், ஒரு துளி விந்து நூறு துளி இரத்தமாம். பச்சைப் பொய். தூக்கத்தில் வெளியாவதும் சரி, கைப்பழக்கமும் சரி, எவனையும் ஆண்மையில்லாதவன் ஆக்குவதில்லை. ஆனால் அந்தப் பயத்தை விற்றுத்தான் இவன்கள் மாடிவீடு கட்டுகிறான்கள். மூலிகை என்று சொல்லி வயாகரா மருந்தையே அரைத்துக் கலந்த சரக்குகள் எத்தனையோ நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் குளிசை வைக்கிறவன் அதைத் தின்றால் பிரசர் விழுந்து ஆளே போய்விடலாம்.

எட்டு மாதம் கழித்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்ட காயம் ஆறாமல் போய்த்தான் உண்மை தெரிந்தது. வெறும் வயிற்றில் சீனி 214. 126 தாண்டினாலே சீனி வருத்தம்தானாம். அன்றைக்கு இருந்த டொக்டரம்மா தானாகவே, உடைந்த தமிழில், "வீட்டுல... அந்த விசயம்... சரியா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விசயம் இவ்வளவுதான். ஆணுறுப்புக்குப் போகிற இரத்தக்குழாயின் அகலம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது மூன்று, நான்கு. சீனி, பிரசர், கொழுப்பு, சிகரட் எல்லாம் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது மெல்லிசு முதலில் மாட்டும். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருகிற குழாய்களில் மண் சேர்ந்தால் எந்தக் குழாய் முதலில் நிற்கும் என்று லயத்துக் குழந்தையைக் கேட்டாலே சொல்லும். மாரடைப்புக்கு இரண்டு மூன்று வருசம் முன்னாலேயே உடம்பு அடிக்கிற மணி இது. அந்த மணிக்கு நாங்கள் லேகியம் பூசுகிறோம்!

எல்லாம் குழாய்க் கோளாறு இல்லை. விடியலில் வருகிறது, மனைவியிடம் மட்டும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் மனசுதான். மனசு கெடாமல் என்ன செய்யும்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதில் ஆறு பேர், நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினால் நம் படுக்கை அதிரும். இதில் சம்பள நாள் சாராயம் வேறு. பிரசர் குளிசை சிலதும் இதைக் கொண்டுவரும். அதற்காகக் குளிசையை நிறுத்திவிட்டு பாரிசவாதம் வந்து கிடக்காதீர்கள், டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

பெண்களுக்கு நோய் இருக்கா என்று முன்கூட்டியே பார்க்க 1996இலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, 35 வயதானால் மிட்வைப் வீட்டுக்கே வந்து கூப்பிடுகிறார். நல்லது. எங்கள் வாசலுக்கு வந்து கூப்பிட்டது அந்த லேகியக்காரன் மட்டும்தான்.

போன கிழமை பீலியடியில் பக்கத்துக் காம்பராத் தம்பி மெல்ல ஒட்டி நின்றான். "அண்ணே, அந்த லேகியம் எங்க வாங்குனீங்க?" சீனி பார்த்தாயா என்று கேட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் மேல் லயத்து வழியாகச் சுற்றிப் போகிறான்.